வழக்கில் தனியாக நிற்க வேண்டாம்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி தேடித் தரும் தொண்டூழியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மாலா, ஈசூன்: தம்பி மேல் திருட்டு வழக்கு. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை அக்கா.

அதற்காகத் தம்பி தானே வாதாட வேண்டியதில்லை, மாலா. வழக்கறிஞர் சங்கம் 1985-லேயே குற்ற வழக்குகளுக்கு இலவச உதவித் திட்டம் தொடங்கியது. வசதியில்லாதவர்களுக்குத் தானே வழக்கறிஞர் தரும் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தை அரசாங்கம் திறந்தது 2022 டிசம்பரில்தான். தொடங்கியபோது, குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 1,500 வெள்ளிவரை வருமானம் உள்ளவர்களுக்கு என்று வைத்தார்கள். முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால், வழக்கறிஞர் சங்கம் தொடங்கிய அந்தத் திட்டத்தை இப்போது நடத்தும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பிடம் கேளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்காமல் தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்கலாம்.

செல்வம், ஜூரோங்: நான் வொர்க் பெர்மிட். அந்த அலுவலகம் எங்களுக்கும் உண்டா?

இல்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த அலுவலகம் வந்த கதையிலேயே ஒரு வெளிநாட்டுப் பணிப்பெண் இருக்கிறார். இந்தோனேசியாவைச் சேர்ந்த பார்தி லியானிக்கு, முதலாளி வீட்டில் திருடியதாக 2019-ல் 26 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பு ஜாமீன் கட்டி, தங்க இடமும் கொடுத்தது. வழக்கறிஞர் அனில் பால்சந்தானி காசு வாங்காமல் வாதாடினார். 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் பார்தியை விடுவித்தது. புகார் வந்து ஐந்து வாரம் கழித்தே போலீஸ் அந்த வீட்டுக்குப் போனதையும், சில வாக்குமூலங்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுக்கப்பட்டதையும் நீதிபதி சுட்டிக்காட்டினார். அந்த நவம்பரில் நாடாளுமன்றத்தில் இந்த வழக்கைப் பற்றிப் பேசிய அமைச்சர் கா. சண்முகம், தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் பற்றி ஆராய்வதாகச் சொன்னார். உங்களுக்குச் சிக்கல் வந்தால் ஹோம், அதைப் போலவே தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முருகன், காக்கி புக்கிட்: மூன்று மாதச் சம்பளப் பாக்கி. வேலையை விட்டுவிட்டேன். வக்கீல் வேண்டுமா?

வேண்டாம் தம்பி. இந்த வழக்கைக் கேட்கும் நடுவர் மன்றத்தில் முதலாளியும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. அதற்குமுன், வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் டாடெம் (TADM) அமைப்பில் சமரசப் பேச்சு நடக்கும். வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போய்விடுங்கள். சம்பளச் சீட்டு, வேலை நேரம் குறித்து வைத்த நோட்டு எல்லாம் எடுத்துப் போங்கள்.

கவிதா, பிடோக்: நான் ஆசிரியை. சட்டம் படிக்காதவர் என்ன செய்ய முடியும்?

நிறைய. 2016-ல் 14 வயதுச் சிறுவன் ஒருவன், போலீஸ் தனியாக விசாரித்த அன்றே இறந்துபோனான். அடுத்த ஆண்டு, விசாரணையில் சிறுவர்களின் பக்கத்தில் பயிற்சி பெற்ற தொண்டூழியர் இருக்கும் திட்டம் வந்தது. சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்துகிறது. பயந்த பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா என்று பார்ப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் கவிதா.