படத்தை வெளியே அனுப்ப என் பழைய லேப்டாப்பில் விஜிஏ ஓட்டைதான், புது டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான். எந்த கேபிள் வாங்க வேண்டும்?

கேபிள் வாங்காதீர்கள், கன்வெர்ட்டர் வாங்குங்கள். இந்த ஒரு வரி போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது "அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். போடாதீர்கள். என்னுடையதில் டிவிடி டிரைவ் இருக்கிறது. இன்றைக்கு வருகிற லேப்டாப்புகளில் அது எங்கே இருக்கிறது? அக்கா கல்யாண வீடியோ மொத்தமும் டிவிடியில்தான். மாமா வீட்டார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அதைப் பெரிய டிவியில் பார்க்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். அதுவரை அந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

சரி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் எச்டிஎம்ஐ உள்ள வெறும் கேபிளை எடுத்து நீட்டினார்கள். "அண்ணே, இதுக்குள்ள சிப் இருக்கா?" என்று கேட்டேன். "கேபிளுக்கு எதுக்கு சார் சிப்பு? ரெண்டு பக்கமும் மாட்டுதுல்ல, படம் வரும்" என்றார். அப்படியென்றால் இங்கேயே மாட்டிக் காட்டுங்கள் என்றேன். அவருடைய பில்லிங் கம்ப்யூட்டரில் விஜிஏ இருந்தது, சுவரில் டிவியும் இருந்தது. மாட்டினார், சிக்னல் இல்லை. கழற்றி ஊதிவிட்டு மறுபடியும் மாட்டினார், அப்போதும் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "உங்க லேப்டாப் பழசா இருக்கும் சார்" என்றாரே பார்க்கலாம்! என் லேப்டாப் அப்போது வீட்டில் இருந்தது.

விஷயம் இதுதான். விஜிஏ 1987ல் ஐபிஎம் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பிகளில் மின்னழுத்த ஏற்ற இறக்கமாக அனுப்பும் அனலாக் முறை அது. எச்டிஎம்ஐ முழுக்க டிஜிட்டல். நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக மாற்றினால்தான் டிவிக்குப் புரியும். அந்த சிப்புக்கு மின்சாரம் வேண்டும், அதனால் கன்வெர்ட்டரில் ஒரு யுஎஸ்பி வால் தொங்கும். விஜிஏவில் ஒலி போகாது, அதற்காக ஹெட்போன் ஓட்டையில் செருகும் இன்னொரு வாலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாததை வாங்க வேண்டாம். நான் வாங்கியபோது ஐநூறு ரூபாய்க்குள் கிடைத்தது.

இன்னொன்று, திசை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதும் அதே அலமாரியில் தொங்கும், பார்க்கவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உங்களுக்கு உதவாது. விஜிஏ பக்கம் ஊசிகள் நீட்டிக்கொண்டும் எச்டிஎம்ஐ பக்கம் ஓட்டையாகவும் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. டிவி வரைக்கும் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றும் தனியாக வேண்டும்.

மாட்டியதும் விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். அப்போதும் படம் வராவிட்டால் பதறாதீர்கள். பழைய லேப்டாப் திரைகளின் ரெசல்யூஷன், அதாவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை, பெரும்பாலும் 1366x768, அதைச் சில கன்வெர்ட்டர்கள் ஏற்காது. லேப்டாப்பின் திரை அமைப்பில் 1280x720க்கு மாற்றிப் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதாவது இருக்கும்.

இப்போது ஒரு கூட்டம் வந்து "தரம் குறையும், வயர்லெஸ்ஸில் அனுப்பலாமே" என்று எழுதும். எழுத்துகள் லேசாக மங்கும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊர் கல்யாண டிவிடியே 720x576தான், அதில் குறைய என்ன இருக்கிறது? வயர்லெஸ்ஸுக்கு அந்த லேப்டாப்பின் வைஃபை ஒத்துழைக்க வேண்டும், என்னுடையது ஒத்துழைக்காது.

உண்மையில் எனக்குக் கோபம் லேப்டாப் மேல் இல்லை, இந்தப் புது டிவிகள் மேல்தான். ரிமோட்டில் எண்களே கிடையாது. போட்டவுடன் செய்தி வருவதில்லை, யாரோ ஒரு நடிகர் சிரிக்கும் விளம்பரம்தான் வருகிறது. அம்மா செய்தி பார்க்க ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டிவியில் விளம்பரத்துக்கும் நாம்தான் இடம் கொடுக்க வேண்டுமாம். பொருத்த வந்தவர் வேறு அதைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டார், பின்பக்க ஓட்டைகளுக்குக் கை நுழையவில்லை. உங்கள் டிவியை இன்னும் மாட்டவில்லை என்றால், மாட்டுவதற்கு முன்பே ஒரு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஓடிடி படங்கள். சில செயலிகள் விஜிஏ வழியாகப் படத்தைக் காட்ட மறுக்கலாம், நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அனலாக்கில் வேலை செய்யாது என்பதால். அதற்குக் கன்வெர்ட்டரைத் திட்ட வேண்டாம், அவற்றை டிவியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.