பழைய ஆர்கேட் மெஷினில் எந்தக் கெப்பாசிட்டரை மாற்றுவது?

கேள்வி: என்னிடம் 1981-இல் வந்த அட்டாரி கம்பெனியின் சென்டிபீட் ஆர்கேட் மெஷின் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) இருக்கிறது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தானாக ரீசெட் ஆகிறது, ஸ்பீக்கரில் இரைச்சல். போர்டில் உள்ள கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பாகம்) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய பவர் சப்ளையைத் தூக்கிவிட்டு எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) போட வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். எது சரி?

பதில்: இரண்டும் அவசர முடிவு. மானிட்டருக்கும் பழைய பவர் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்துதான் ஏசி போகிறது. அதைத் தூக்கி எறிந்தால் புதுச் செலவு தொடங்கும்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கெப்பாசிட்டர். கேபினட்டின் அடியில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கும் பெரிய நீல டப்பா. 'பிக் ப்ளூ' என்பார்கள். 26,000 அல்லது 27,000 மைக்ரோஃபாரட், 15 வோல்ட். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரில் இருந்து ஏறி இறங்கி வரும் மின்சாரத்தை நிரவி, சுமார் 10 வோல்ட் டிசியாக, அதை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர் போர்டுக்குக் கொடுப்பது இதன் வேலை. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் வோல்டேஜ் பள்ளம் பள்ளமாக வரும். அந்தப் பள்ளத்தில் 5 வோல்ட்டைத் தாங்க ரெகுலேட்டரால் முடியாது. போர்டு ரீசெட் ஆகும். இரைச்சலும் பெரும்பாலும் இதனால்தான்.

சோதிப்பது சுலபம். மெஷின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசியில் வைத்து டப்பாவின் இரண்டு ஸ்க்ரூவிலும் தொடுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் என்றால் மாற்றுங்கள். அரை வோல்ட், அதற்குக் கீழே என்றால் வயதானாலும் விட்டுவிடுங்கள். மலிவு மீட்டர் சில டிசியையும் சேர்த்து 20 வோல்ட் என்று காட்டும், கம்பியை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், அதை நம்பாதீர்கள். கெப்பாசிட்டன்ஸ் அளந்து 'முப்பதாயிரம் வருகிறதே, நல்லதுதான்' என்று தேற்றிக்கொள்வதும் வீண். காய்ந்துபோனதன் அடையாளமான உள்தடை அந்த அளவில் தெரியாது.

வாங்கும்போது 27,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, ஸ்க்ரூ டெர்மினல். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. மைக்ரோஃபாரட்டும் இருபது சதவீதம்வரை கூடலாம், அதோடு நிறுத்துங்கள். 'பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லது' என்று 1,00,000 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலியான கெப்பாசிட்டர் ஸ்விட்ச் போட்ட நொடியில் ஷார்ட் போலத்தான் நடந்துகொள்ளும். பெரிதாக ஆக ஆக அந்த முதல் இழுப்பு நீளும், ஃப்யூஸும் ரெக்டிஃபையரும் அடி வாங்கும். ஃப்யூஸ் போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்தது ரெக்டிஃபையர், அதற்கடுத்தது டிரான்ஸ்ஃபார்மர்.

ரிப்பிள் கரன்ட் (கெப்பாசிட்டர் தாங்கக்கூடிய ஏற்ற இறக்க மின்னோட்டம்) எத்தனை ஆம்பியர் என்பதும் முக்கியம். 5-க்குக் குறையக் கூடாது. ஆனால் பல விற்பனைப் பக்கங்களில் அந்த ஒரு எண்ணை மட்டும் போடமாட்டார்கள், கேட்டாலும் பதில் வராது. தயாரிப்பாளரின் டேட்டாஷீட் கிடைக்காத சரக்கை வாங்காதீர்கள். 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்பது உங்களுடையதைப் போலவே அலமாரியில் கிழடான சரக்கு. பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெப்பாசிட்டரை வைத்து உறை மாட்டி விற்பதும் நடக்கிறது.

மாற்றும் முன் பிளக்கைச் சுவரில் இருந்தே பிடுங்குங்கள். கதவு ஸ்விட்சை நம்ப வேண்டாம். 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில வினாடி இரண்டு ஸ்க்ரூவுக்கும் குறுக்கே பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணினால் முனை உருகும். பிளஸ் எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். மாற்றி இணைத்தால் சூடேறி வெடிக்கும். புதியவை ஒல்லியாக இருக்கும், பழைய கிளாம்ப்பில் ஆடாதபடி ரப்பர் பட்டை சுற்றுங்கள். மானிட்டர் பக்கம் கை வேண்டாம்.

மாற்றிய பிறகும் ரீசெட் ஆனால் 5 வோல்ட்டை இரண்டு இடத்தில் அளங்கள்: ரெகுலேட்டர் போர்டில் ஒன்று, கேம் போர்டில் ஒன்று. வித்தியாசம் கால் வோல்ட்டைத் தாண்டினால் கேம் போர்டின் கனெக்டர் கருகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல், ரெகுலேட்டர் போர்டில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்பாட்டைத் திருகி வோல்டேஜை ஏற்றிவிட்டுக் காசு வாங்கிப் போகிற ஆட்கள்தான் இந்தத் தொழிலின் சாபம். கேம் போர்டில் உள்ள சில்லுகளுக்கு உச்ச வரம்பு 5.25 வோல்ட். புதுக் கனெக்டர் போட்டபின் கேம் போர்டில் 5.0 முதல் 5.1-க்குள் வைத்துவிட்டு டிரிம்பாட்டை மறந்துவிடுங்கள்.