கேட்டால்தானே தெரியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், தன்பாலீர்ப்பு. வானவில் ஊர்வலங்கள் நடக்கும் ஜூன் மாதம் என்பதாலா, 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பாலா, தெரியவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். அதிலும் இரண்டு பேருக்கு வேண்டுமென்றே பக்கத்து ஊரை மாற்றிப் போட்டிருக்கிறேன், யாரும் துப்பறிய வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. சென்னையில் வேலை. பொங்கலுக்கு வந்தவன், பெண்கள் மேல் தனக்கு நாட்டமே இல்லை, ஆண்கள் மேல்தான், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று சொன்னான். அவன் அப்பாவுக்குத் தெரியாது. என் தம்பியிடம் மட்டும் சொன்னேன். பத்து சிட்டிங்கில் மாற்றிவிடுகிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், முப்பதாயிரம் ஆகும் என்கிறான். நகையை வைத்தாவது கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். நான் வளர்த்ததில் என்ன தப்பு? (ஒரு தாய், பாபநாசம்)

நகையை வைக்காதீர்கள் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

பத்து சிட்டிங்கில் மாற்றுகிறேன் என்று சொல்பவர் நிஜமாகவே டாக்டர் என்றால், அவர் தன் தொழிலையே பணயம் வைக்கிறார். இந்த 'மாற்றும்' சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ல் தடை செய்தது. அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதிவிட்டது. அவர் டாக்டரே இல்லை, போர்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் உங்கள் முப்பதாயிரம் போனது போனதுதான். உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 மே 17-ல், உங்கள் மகன் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே.

அந்த 2021 வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்கு அது. விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதில் தனக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். உங்கள் வீட்டிலும் யாராவது கவுன்சலிங் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களும் உங்கள் தம்பியும் போங்கள், பையனை விட்டுவிடுங்கள். 14416-க்கு போன் போட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

வளர்ப்பில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவும் கேட்டாள். நான் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று கொல்லைப் பக்கம் போய்விட்டாளாம், அதனால் இருக்குமோ என்று ரொம்ப நாள் புலம்பினாள். ஆமாம், இந்தப் பத்தியை எழுதுகிறவனும் உங்கள் மகன் ரகம்தான். 1997-ல் என்னையும் கூட்டிப் போனார்கள், எந்த ஊர், யாரிடம் என்பதெல்லாம் இப்போது எதற்கு. மாத்திரை கொடுத்தார், பகலெல்லாம் தூக்கமாக வந்தது, ஆறு மாதத்தில் என்னிடம் மாறியது எடை மட்டும்தான், பதினோரு கிலோ கூடிவிட்டது. அப்பா அதற்காக ஒரு பசுமாட்டை விற்றார். மாட்டை விற்ற கோபம் அவருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது.

அம்மா பேசுவதற்குச் சில வருஷம் ஆயிற்று. என்னோடு இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு சித்திரையில் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினாள், வழக்கமாக ஒரு ஜாடி வரும், அந்தத் தடவை இரண்டு. இரண்டாவதில் உப்பு குறைவு. அவருக்கு பிரஷர் என்று எப்போதோ போனில் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. உப்பைக் குறைத்தால் நார்த்தங்காய் பூசணம் பிடித்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன, பிடிக்கத்தான் செய்தது. பூசணத்தை வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

இப்போதைக்கு இரண்டு விஷயம். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மகனே முடிவு செய்யட்டும். தம்பியிடம் சொன்னதற்கே அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்புறம், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது வந்து சொல்வார்கள், சொல்பவர் வீட்டில் பெண் இருந்தால் கொடுப்பாரா என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: இவர்கள் எல்லாரையும் பொதுவாகத் திருநங்கை என்று சொல்லிவிட்டால் என்ன? (மயிலாடுதுறை)

தப்பாகிவிடும். ஆண் என்று பதிவாகிப் பிறந்து, பெண்ணாகத் தன்னை உணர்பவர் திருநங்கை. அதற்கு எதிர்ப்பக்கம் திருநம்பி. மேலே கடிதம் எழுதிய அம்மாவின் மகன் ஆண்தான், அவனுக்கு ஈர்ப்பு ஆண்கள் மேல், அது தன்பாலீர்ப்பு. எல்லாரையும் சேர்த்துச் சொல்லப் பால்புதுமையர் என்றொரு சொல் புழங்குகிறது. தமிழ்நாடு அரசே 2022-ல் ஒரு சொல் பட்டியலை அரசிதழில் போட்டது, பத்திரிகைக்காரர்களும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது நீதிமன்றத்தின் எண்ணம். எங்கள் ஆபீசிலேயே இன்னும் இரண்டு பேர் பழைய சொல்லை எழுதி நான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 23, அவளுக்கு 25. திருச்சியில் ஒரே ஹாஸ்டல், ஊர் மன்னார்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். நாங்கள் சேர்ந்து எங்காவது போய்விட்டால் 'காணவில்லை' என்று புகார் கொடுப்பார்கள். போலீஸ் பிடித்து வீட்டில் ஒப்படைத்துவிடுமா? கல்யாணம் பதிவு செய்ய முடியுமா?

இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்கிறேன், முடியாது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது, மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஆனால் சேர்ந்து வாழ்வதற்குப் பதிவு தேவையில்லை. 2025 மே 22-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது கிட்டத்தட்ட உங்கள் கதைதான். 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்துக்கொண்டார்கள், தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணிடமே கேட்டது, அவர் தோழியோடு போகிறேன் என்றார், போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்றும் தீர்ப்பில் இருக்கிறது. புகார்களைப் போலீஸ் கண்டுகொள்ளாமல் இருந்ததையும் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது, அதைக் கவனியுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கும் என்று நம்பிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் சர்ட்டிபிகேட், ஆதார், பாங்க் பாஸ்புக் மூன்றும் கையில் இருக்கட்டும். வீட்டு நகையில் ஒரு குண்டுமணியைக்கூட எடுக்க வேண்டாம், 'காணவில்லை' புகார் திருட்டுப் புகாராக மாற அது ஒன்று போதும். இருவரும் மேஜர், சொந்த விருப்பத்தில்தான் போகிறோம் என்று தனித்தனியாகக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் மாவட்ட எஸ்.பி.க்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கூப்பிட்டு விசாரித்தால் அதே வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று. அந்த எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், எண்ணைச் சொல்லிப் பேசினால் எதிரில் இருப்பவரின் குரல் சற்று இறங்கும்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால் பயப்பட வேண்டாம். வீட்டார் இல்லாத இடத்தில் தனியாகப் பேசிக் கேட்க வேண்டும், புத்திமதி சொல்லி மனதை மாற்றப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நீதிபதிகளுக்கே வழிமுறை வகுத்திருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருத்திக்காவது சம்பளம் வரட்டும் தங்கச்சி. வேலை இல்லாமல் கிளம்பி மூன்றாவது மாதம் வீட்டுக்கே திரும்பியவர்களை எனக்குத் தெரியும், அந்தத் திரும்பல் ரொம்பக் கொடுமை.

கேள்வி: வெளிநாட்டுச் சரக்கை எல்லாம் பத்திரிகையில் போட்டுப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள். நம் மண்ணில் இதெல்லாம் உண்டா? (குத்தாலம்)

ஐயா, நீங்கள் பஸ் ஏறினால் பூம்புகார் எவ்வளவு நேரம்? அந்தப் புகாரில் மாதவி ஆடிய பதினோரு ஆடலில் ஒன்று பேடியாடல், காமன் பெண் கோலத்தில் ஆடியது. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் இருக்கிறது. தொல்காப்பியம் ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை எந்தத் திணையில் வைப்பது என்று இலக்கணமே எழுதி உயர்திணையில் சேர்த்திருக்கிறது. அந்தக் காலத்தில் இவர்களை மாலை மரியாதையோடு நடத்தினார்கள் என்று கதை விட மாட்டேன், கேலி அப்போதும் இருந்தது. ஆனால் ஆட்களும் இருந்தார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு எது என்றால், தன்பாலுறவைக் குற்றமாக்கிய அந்த 377-ம் பிரிவுதான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் துண்டித்தது. நம் தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளை, மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜுக்கு வருஷக்கணக்கில் நாட்டியம் சொல்லிக்கொடுத்தார். 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார் நர்த்தகி, அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை. பிள்ளைகள் கெட்டுப்போவது பற்றிப் பேச வேண்டுமானால் உங்கள் ஊர் டாஸ்மாக் பற்றி எழுதுங்கள், தனிப் பக்கமே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஜூனில் சென்னையில் வானவில் ஊர்வலம் நடக்கிற மாதிரி கும்பகோணத்திலும் நடத்த ஆசை. நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். ஜூன் மாதம்தான் நடத்த வேண்டுமா?

நமக்கு ஜூன் என்றால் 12-ம் தேதி மேட்டூர் திறப்பு. அமெரிக்காக்காரர்களுக்கு 1969 ஜூன் 28, நியூயார்க்கில் தன்பாலீர்ப்பினர் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் ரெய்டு வந்து, போதும்டா என்று அங்கிருந்தவர்கள் திருப்பி எதிர்த்த நாள். இந்தியாவில் முதல் வானவில் நடை 1999 ஜூலை 2-ல் கொல்கத்தாவில், போனவர்கள் பதினைந்து பேர்தான். சென்னையில் 2009-லிருந்து. ஆக ஆறு பேர் ஒன்றும் மோசமில்லை.

ஆனால் மகாமகக் குளத்தைச் சுற்றி ஊர்வலம் என்பது நாளைக்கே வேண்டாம் என்பது என் கருத்து, கோழை என்று திட்டினாலும் பரவாயில்லை. சென்னையில் கூட்டத்தில் கலந்துவிடலாம். கும்பகோணத்தில் காந்தி பார்க் தாண்டுவதற்குள் உங்கள் சித்தப்பாவுக்கு போட்டோ போய்விடும். முதலில் ஒரு மாடியறை, பத்து நாற்காலி, பேச ஒரு வக்கீல், டிகிரி காபி. மாதம் ஒரு தடவை ஆறு பேர் பன்னிரண்டு ஆகட்டும். கதவருகிலேயே எழுதி ஒட்டுங்கள், கேட்காமல் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்று. வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்த ஒரே ஒரு படத்தால் வேலையை விட்ட பையனை எனக்குத் தெரியும். ஊர்வலத்தன்று என்னையும் கூப்பிடுங்கள், முட்டி வலி, பாதி தூரம் வருகிறேன்.

கேள்வி: நானும் நண்பரும் 14 வருஷமாக ஒரே வீடு. ஊரில் 'பார்ட்னர்' என்றால் வியாபாரக் கூட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படியே விட்டுவிட்டோம். அவர் சம்பாதித்து வாங்கிய ஆறு மா நன்செய் அவர் பேரில் இருக்கிறது, நான்தான் பயிர் வைக்கிறேன். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் எனக்கு என்ன இருக்கிறது? (திருவாரூர்)

உள்ளதைச் சொன்னால், உயில் எழுதாவிட்டால் ஒன்றுமில்லை. பதினாலு வருஷம் உழுதது நீங்கள் என்றாலும், பட்டா அவருடைய ரத்த சொந்தத்துக்குப் போகும். சொந்த சம்பாத்தியம் என்பதால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டாலே செல்லும். இருந்தாலும் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் அண்ணன் மகன் வந்து அது அவர் கையெழுத்தே இல்லை என்பான். நெஞ்சுவலி வந்த மனிதர் என்பதால் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கி வையுங்கள்.

பாங்கில் ஜாயின்ட் கணக்கு ஆரம்பிக்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம், தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் சொல்லியிருக்கிறது. நாமினி என்றால் பணத்தை வாங்குபவர், வாரிசு இல்லை, அதனால் உயிலில் பாங்க் பணத்தையும் எழுதச் சொல்லுங்கள். ரேஷன் கார்டிலும் இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அப்போதே எழுதினார்கள். டில்லியில் திறந்த தண்ணீர் உங்கள் தாலுகா ஆபீசுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது, அறிவிப்பை அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.

உயிலில் பலன் பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது, அதாவது நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். வெளி ஆள் இரண்டு பேர் வேண்டும். இந்த வாரமே பிடித்துவிடுங்கள், குறுவை நடவு ஆரம்பித்துவிட்டால் ஒருத்தனும் அகப்பட மாட்டான்.