தங்கை ஏன் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்?

கேள்வி: வீட்டில் தங்கை, சித்தப்பா பிள்ளைகளுக்கு டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை (2014) நடத்துகிறேன். பழைய 3.5 பதிப்பிலிருந்து டிராகனும், ஆளின் வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் மந்திரமும் எடுத்துச் சேர்த்தேன். சண்டை சமமாக இல்லை என்கிறார்கள். கடைசிச் சண்டையில் தங்கை ஆடும் ஃபைட்டர் (போர்வீரன்) பாத்திரம் செத்துவிட்டது. இப்போதெல்லாம் அவள் பகடையை உருட்டிவிட்டு எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். பழைய புத்தகம் என்னிடம் மட்டுமே இருக்கிறது. சரியாகக் கலப்பது எப்படி?

பதில்: பகடையில் 17 விழுந்தும் அது பட்டதா இல்லையா என்று அண்ணன் முகத்தில் தேடுகிறாள் அந்தப் பெண். இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கணக்குக் கேட்கிறீர்கள். கணக்கையே முதலில் பார்ப்போம்.

3.5-இல் வளர்ந்த சிவப்பு டிராகனின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படுவதற்கு எட்டவேண்டிய எண், 29. ஐந்தாம் பதிப்பில் 19. அவளுடைய ஃபைட்டர் 9-ஆம் லெவல், பலம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திர வாள் இல்லாவிட்டால் தாக்கும்போது பகடை எண்ணோடு +9தான் சேரும். 19-ஐ அடிக்க 10 விழுந்தால் போதும். 29-ஐ அடிக்க 20 விழுந்தே ஆகவேண்டும். பகடையின் இருபது பக்கங்களில் பதினொன்று அவளுக்குச் சாதகமாக இருந்தன, நீங்கள் ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்தீர்கள். 3.5 ஃபைட்டருக்கு அந்த லெவலில் லெவலே +9 தரும், பலமும் வாளும் அதற்குமேல் சேரும். அந்த ஆளுக்காக எழுதிய டிராகன் அது.

ஹேஸ்ட் இன்னும் மோசம். ஐந்தாம் பதிப்பில் அது ஒருவர்மேல் மட்டும்தான், கான்சன்ட்ரேஷன் வேண்டும், அதாவது போட்டவன் கவனம் கலையாமல் இருக்கவேண்டும். மந்திரவாதியை அடித்துக் கலைக்கலாம், கலைந்தால் ஹேஸ்ட் பெற்றவன் ஒரு முறை ஆட முடியாது. 3.5-இல் மந்திரவாதியின் ஒவ்வொரு லெவலுக்கும் ஒருவர். 9-ஆம் லெவல் மந்திரவாதி ஒன்பது பேருக்குப் போடுவான், அடித்தாலும் கலையாது. அவள் படித்த விதியை நம்பி மந்திரவாதியை அடித்திருந்தால் ஒவ்வொரு அடியும் வீண். அந்த விதி செல்லாது என்று அவளுக்குச் சொன்னவர் யார்?

மூத்தவன் கையில் புத்தகம் இருக்கிறதென்றால், இளையவளுக்கும் அதைத் திறந்து காட்டும் பொறுப்பு அவனுடையது. எந்த விதி நடப்பு என்பது அண்ணனுக்கு மட்டும் தெரிந்த ஆட்டத்தில் பகடைக்கு வேலையே இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி இப்படிச் செய்யுங்கள். எண்கள் எல்லாம் ஐந்தாம் பதிப்பிலிருந்தே வரட்டும். பழைய புத்தகத்திலிருந்து வரைபடம், பொறி, பூதங்களின் குணம், வில்லனின் திட்டம் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஒன்றும் கெடாது. அங்குள்ள பூதம் இங்கேயும் இருந்தால் இங்குள்ள எண்களை வையுங்கள். இல்லையென்றால் இங்குள்ள வேறொன்றுக்கு அதன் பெயரையும் உருவத்தையும் கொடுங்கள். பூதம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் சேலஞ்ச் ரேட்டிங்கை அப்படியே எடுக்காதீர்கள், இரண்டு பதிப்பிலும் அது ஒரே அளவு இல்லை. திறன் சோதனைக்கு அங்கே 30 என்று இருந்தால் இங்கே 20 ஆக்குங்கள். மந்திரம் எடுத்தால் கான்சன்ட்ரேஷன் சேர்த்தே எடுங்கள். இந்த ஆட்டத்தின் 2024 விதிப்புத்தகத்தை வாங்கினாலும் இதே கவனம் வேண்டும்: காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரம் 1டி8-இலிருந்து (எட்டுப் பக்கப் பகடை ஒன்று) 2டி8 (இரண்டு) ஆகிவிட்டது.

கடன் வாங்கிய விதிகள் மூன்றைத் தாண்டக்கூடாது. ஒரே தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். எழுதுவது தங்கையின் கையாக இருக்கட்டும், பழைய புத்தகமும் அன்றிலிருந்து அவள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அதற்கு முன், செத்த ஃபைட்டரை அவளிடம் திருப்பிக் கொடுங்கள். கோயில், பூசாரி, உயிர்ப்பிக்கும் மந்திரம் என்று கதையில் காரணம் தேட வேண்டாம். "தப்பு என்னுடையது, அந்தச் சண்டை செல்லாது" என்று எல்லோர் முன்னிலும் சொல்லிக் கொடுங்கள்.