கல் சொல்லும் சூடும் ஆழமும்: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி மாணவி): பாறை எவ்வளவு சூட்டில், எந்த ஆழத்தில் உருமாறியது என்பதைக் கனிமத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: ஆண்டலூசைட், கயனைட், சில்லிமனைட் என்ற மூன்று கனிமங்களுக்கும் சரக்கு ஒன்றுதான்: அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன். அணுக்களின் அடுக்குதான் வேறு. அழுத்தம் ஏறினால் கயனைட், வெப்பம் ஏறினால் சில்லிமனைட், அழுத்தம் குறைவாக இருந்தால் ஆண்டலூசைட். மூன்றும் சேர்ந்து நிலைக்கும் புள்ளி சுமார் 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப் போல சுமார் 4,000 மடங்கு. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஆழம்.

இன்னும் நெருங்கிப் பார்க்க, கார்னெட் என்ற சிவப்புக் கனிமமும் பயோட்டைட் என்ற கருப்பு மைக்காவும் சேர்ந்திருக்கும் பாறையைத் தேடுவோம். இரண்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். சூடு ஏற ஏற கார்னெட்டின் பங்கில் மக்னீசியம் கூடும். இந்தக் கணக்கை ஃபெர்ரி, ஸ்பியர் என்ற ஆய்வாளர்கள் 1978இல் சோதனை செய்து வெளியிட்டார்கள். ஒன்று மட்டும்: தனி ஒரு கனிமத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரே காலத்தில் சேர்ந்து விளைந்த கனிமக் கூட்டம் வேண்டும்.

கேள்வி: மேலே வந்து ஆறும்போது எல்லாம் பழையபடி மாறிவிடாதா?

பதில்: நல்ல கேள்வி. சூடேறும்போது நீர் வெளியேறிப் போய்விடுகிறது. நீரில்லாமல், ஆறிவரும் பாறையில் வினைகள் தவழ்ந்துதான் நடக்கும். பல இடங்களில் பாதியில் நின்றுவிடும். பழனி மலைப் பாறைகளைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் இது தெரியும். கார்னெட்டைச் சுற்றி விரல் விரலாகப் பின்னிக்கிடக்கும் சஃபிரின், கார்டியரைட் என்ற கனிமங்கள், அழுத்தம் குறையக் குறைய கார்னெட் சிதைந்ததன் தடம். 900 டிகிரிக்கு மேல் வெந்த பாறைகள் அவை. ஆனால் கார்னெட்டின் விளிம்பை மட்டும் அளந்து உச்ச வெப்பம் என்று எழுதாதீர்கள். விளிம்பு ஆறும்போதும் பக்கத்துக் கனிமத்தோடு இரும்பையும் மக்னீசியத்தையும் பரிமாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: படம் அனுப்பினால் என்ன கல் என்று சொல்வீர்களா?

பதில்: இல்லை. அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்குக் கல்லை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பல்லாவரம் கருங்கல் எரிமலைக் குழம்புதானே?

பதில்: எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் புவியியலாளர் ஹாலண்ட் வைத்த பெயர். பாறைக் குழம்பு ஆழத்திலேயே உறைந்தது என்பது அவர் கருத்து.

மறுப்பு (சேலம் வாசகர்): கர்நாடகத்தில் கப்பல்துர்காவைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அங்கே சாம்பல் நிற நைஸ் (வரிவரியான உருமாறிய பாறை) சார்னோக்கைட்டாக மாறியிருக்கிறது! எல்லாச் சார்னோக்கைட்டும் இப்படித்தான்.

பதில்: உண்மை, நானும் அதை ஏற்கிறேன். அங்கே நைஸின் வரிகளைக் குறுக்கே வெட்டி, பிளவுகளை ஒட்டிக் கரும்பச்சைத் திட்டுகள் கிடக்கின்றன. கரியமில வாயு நிறைந்த பாய்மம் ஏறி நீரின் பிடியைக் குறைக்க, நீரைத் தாங்கிய கனிமங்களான பயோட்டைட்டும் ஹார்ன்பிளெண்டும் நீரில்லாத ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமமாக மாறின என்பது பலரின் விளக்கம். ஆனால் அந்தச் சில திட்டுகளைக் காட்டி எல்லாச் சார்னோக்கைட்டும் இப்படித்தான் என்கிறீர்களே, அங்கேதான் முரண்படுகிறேன். ஆர்த்தோபைராக்சீன் சொல்வது ‘சூடு, வறட்சி’ என்பதை மட்டுமே; குழம்பாக இருந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. மறுபடியும் அதேதான்: ஒரு கனிமத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். குழம்பு உறைந்தும், நைஸ் மாறியும், இரண்டு வழியிலும் இந்தப் பாறை பிறக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லில் சிவப்பு மணிகள். மாணிக்கமா?

பதில்: பெரும்பாலும் கார்னெட். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடக்கிறது.

கேள்வி: சிவப்பு மணி விலை போகுமா?

பதில்: விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மணியைப் பெயர்த்தெடுக்காமல் கல்லோடு வையுங்கள். பக்கத்தில் என்ன இருந்தது என்பது போய்விட்டால் அதிலிருந்து ஆழத்தைக் கணக்கிட முடியாது.