சிக்னலில் நிற்கும்போது போனை எடுத்தால் குற்றமா?

கேள்வி: எனக்கு தண்டையார்பேட்டை, வயது 26. உணவு டெலிவரி செய்கிறேன். வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது. போன வாரம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் பக்கம் சிவப்பு விழுந்து நின்றபோது போனைக் கையில் எடுத்து மேப் பார்த்தேன். போக்குவரத்துக் காவலர் ஓரம் கட்டச் சொல்லி 1,000 ரூபாய்க்கு சலான் போட்டுவிட்டார். வண்டி நகரவே இல்லை, இது எப்படிக் குற்றம்? "போனைத் திற, யார்கிட்ட பேசின காட்டு" என்றும் கேட்டார். வண்டி ஓட்டும்போது பேசுவது குற்றமில்லை என்று கேரளாவில் கோர்ட்டே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. என் போன், என் வண்டி, என் உயிர். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? இனிமேல் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசினால் கையில் இல்லை என்று ஆகிவிடும்தானே? இப்போது பணத்தைக் கட்டிவிடவா, கோர்ட்டுக்குப் போகவா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்த ஆயிரம் எதற்கெல்லாம் கணக்காகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதைப் பற்றியது. கையில் பிடித்துப் பேசும் சாதனத்தை ஓட்டும்போது பயன்படுத்துவதை 2019 திருத்தத்தில் பெயர் சொல்லியே இதில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. பிரிவைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்: முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 200-வது பிரிவு, இந்த போன் விஷயத்தை மட்டும் பணம் கட்டி அங்கேயே முடித்துக்கொள்ள வழி விட்டிருக்கிறது. 184-இல் வரும் மற்ற குற்றங்களுக்கு அந்த வழி இல்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அரசாணைப்படி முதல் தடவை 1,000, மறுபடி மாட்டினால் 10,000.

பணம் கட்டியதும் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துத்தான் பலர் பிறகு தடுமாறுகிறார்கள். பணம் கட்டி முடித்த குற்றமும் 'முன்பு செய்த குற்றம்' என்றே எண்ணப்படும் என்று அதே 200-வது பிரிவு சொல்கிறது. மூன்று வருடத்துக்குள் இன்னொரு முறை மாட்டினால் நீங்கள் இரண்டாம் தடவைக்காரர். நாள் முழுக்க ரோட்டிலேயே இருக்கும் ஆளுக்கு மூன்று வருடம் என்பது நீண்ட காலம்.

லைசென்ஸ் விஷயம் இதைவிடப் பெரியது. 206-வது பிரிவின்படி, 184-இல் வரும் குற்றத்துக்காகக் காவலர் உங்கள் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். அபராதம் கட்டியது இதைத் தடுக்காது. வாங்கினால் தற்காலிக ரசீது கொடுக்க வேண்டும். அந்த ரசீதைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டும்போது போன் பேசுவது லைசென்ஸை முடக்கக் காரணமாகும் குற்றங்களின் பட்டியலில் முன்பே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முடக்கச் சொல்லி 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் உங்கள் தரப்பைக் கேட்காமல் முடக்கக் கூடாது என்று 19-வது பிரிவு சொல்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அதை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் பலருக்கு லைசென்ஸில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு முகவரி. காசிமேட்டு முகவரிக்குக் கடிதம் வரும், ஆள் பெரும்பாக்கத்தில் இருப்பார். பதில் போகாவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். முதல் வேலையாக முகவரியை மாற்றுங்கள்.

சரி, சிக்னலுக்கு வருவோம். சிவப்பில் நிற்கும்போது விலக்கு என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சிக்னலில் நிற்கும் வண்டி பயணத்தின் நடுவில் இருக்கும் வண்டிதான். பச்சை விழுந்த நொடியில் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் ஹாரன் அடிப்பார்கள், போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் கையில் கிளட்ச்சை விடுவோம். எனவே "நகரவில்லை" என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஆனால் நீங்கள் மேப் பார்த்தேன் என்கிறீர்கள். அதில் விஷயம் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய அரசுத் திருத்தம், ஓட்டும்போது இந்தச் சாதனத்தை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாதபடி, என்று சொல்கிறது. ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு போட்டு மேப் ஓடுகிற போனைப் பார்ப்பது இதற்குள் வரும். நின்ற வண்டியில் கையில் எடுத்துப் பார்த்தது வருமா என்பது வாதிடக் கூடிய இடம். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஜெயிக்கும் என்று நான் உறுதி தர முடியாது. இப்போது நீங்கள் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம்: அந்த நேரத்தில் விரல் மேப்பில் இருந்ததா, இல்லை வாடிக்கையாளருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று டைப் செய்துகொண்டிருந்ததா, அடுத்த ஆர்டரை ஏற்கும் பட்டனில் இருந்ததா? மேப் என்றால் எதிர்த்து நில்லுங்கள். மற்ற இரண்டும் வழி பார்ப்பது ஆகாது. அப்படியென்றால் பணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த மூன்று வருடம் கவனமாக இருங்கள்.

ஹெல்மெட் யோசனையைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. நான் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவள். சில வருடங்களுக்கு முன்னால் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, மகனின் ஹெல்மெட்டை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்ததாம், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். வலது காதுப் பக்கம் துணி நைந்திருந்தது. அதன் அடியில் தெர்மாகோல் நீளமாக, ஒரு போன் அளவுக்கு, விளிம்பு தெரிய அழுந்திப் பள்ளமாகியிருந்தது. தினமும் செருகிச் செருகி உண்டான பள்ளம். மோதலைத் தாங்குவதற்காக வைத்திருக்கிற அந்த அடுக்குதான் அங்கே இல்லாமல் போயிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், பையன் பேசிக்கொண்டே வந்தான், அவன் பக்கமும் கவனக்குறைவு உண்டு என்று வாதிட்டார். தீர்ப்பாயம் அதை ஏற்று இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்தது. அந்த அம்மாவுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது நான்தான்.

சட்டப்படியும் அது தப்பிக்கும் வழி இல்லை. போனுக்கு இடம் விடப் பட்டையைத் தளர்த்தினால், ஹெல்மெட்டைப் பட்டை போட்டு இறுக்கமாக அணியச் சொல்லும் 129-வது பிரிவை மீறுகிறீர்கள். அதற்குத் தனியாக அபராதம், அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம் என்று 194-டி சொல்கிறது. ஒரு குற்றத்திலிருந்து தப்பப் போய் இரண்டில் மாட்டுவீர்கள்.

புளூடூத் கையில் பிடிக்கும் சாதனம் ஆகாது என்பது உண்மை. ஆனாலும் பேச்சில் போய்விட்ட மனம் ரோட்டில் இருக்காது. போன் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிய பாதுகாப்பு தராது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி. என் போன், என் வண்டி, என் உயிர். இதைத் திமிர் என்று நான் தள்ளமாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், கட்டுப்பாடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகோலை உங்கள் சலானுக்கே வைத்துப் பார்ப்போம். சட்டம் இருக்கிறது. நோக்கம்? நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும். மூன்று நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர், அதாவது எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையாக நிற்கிற கண்டெய்னர் டிரெய்லர்களில் ஏறக்குறைய இரண்டின் நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 33 மீட்டரில் மெட்ரோ இறங்கி ரோட்டைக் கடப்பவர் இருப்பார், மீன் கூடையோடு ஓரமாக நடக்கிற பாட்டி இருப்பார். உங்கள் உயிரோடு அவர்கள் உயிரும் அந்தக் கணக்கில் இருக்கிறது. அளவு? ஓரம் கட்டி, வண்டியை ஸ்டாண்டு போட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். உங்கள் பேச்சை யாரும் தடுக்கவில்லை. என் கணக்கில் இந்தச் சட்டம் மூன்றிலும் தேறுகிறது.

கேரளத் தீர்ப்பை வாட்ஸ்அப் பாதியாக வெட்டி அனுப்பியிருக்கிறது. 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் பார்த்தது கேரள காவல்துறைச் சட்டத்தின் 118(இ) பிரிவை. பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாகாமல், போன் பேசியதற்காக மட்டும் அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது என்றது. அது வேறு சட்டம், வேறு மாநிலம், 2019 திருத்தத்துக்கு முந்தைய காலம். டோல்கேட்டில் அதைக் காட்டிப் பயனில்லை.

உங்கள் சுதந்திரம் உண்மையில் மீறப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். போனைத் திறந்து காட்டச் சொன்னது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் கேட்கலாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் ஒன்றில் காட்டினால் போதும், காகிதம் கேட்க முடியாது. ஆனால் போனுக்குள் இருக்கும் அழைப்புகளையும் மெசேஜையும் தேடிப் பார்க்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம் போக்குவரத்துக் காவலருக்குத் தரவில்லை. குரலை உயர்த்தாமல், "சலான் போடுங்க சார், போனைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லலாம். அந்த நேரத்தில் அழைப்பு எதுவும் இல்லை என்று காட்டுவது உங்களுக்கு உதவுமானால் நீங்களாக கோர்ட்டில் காட்டலாம். அது உங்கள் விருப்பம்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. சிக்னலில் உங்களைப் போனை எடுக்க வைத்தது யார்? சில நொடிக்குள் ஏற்காவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று மிரட்டுகிற செயலி, "எங்க இருக்கீங்க" என்று மூன்றாவது முறையாக அழைக்கிற வாடிக்கையாளர், வீட்டிலிருந்து "கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்கிற அழைப்பு. என் சுதந்திரம் என்று நாம் பேசுகிற அந்த நேரத்தில், எடுக்காமல் இருக்கும் சுதந்திரம்தான் நம்மிடம் இல்லை. போனில் 'டிரைவிங்' முறையைப் போட்டு, "வண்டியில் இருக்கிறேன், நின்றதும் அழைக்கிறேன்" என்று தானாகப் பதில் போகும்படி வையுங்கள். கிளம்புவதற்கு முன்பே மேப்பில் முகவரியைப் போட்டு ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். ஈ-சலான் பரிவாகன் தளத்தில் உங்கள் சலானைத் திறந்து இடம், நேரம், பிரிவு எண், புகைப்படம் இருந்தால் அது, எல்லாவற்றையும் சரிபாருங்கள். அந்த நேரத்து ஆர்டர் விவரத்தையும் மேப் பயண வரலாற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; பிறகு தேடினால் கிடைக்காது. எதிர்ப்பதென்றால் அதே தளத்தில் முதலில் குறையைப் பதியுங்கள், கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேமராவில் பிடித்துப் போட்ட சலானாக இருந்தால் 15 நாளுக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். அது வண்டி உரிமையாளருக்குத்தான் போகும். ஓட்டியவர் யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். அதனால் இந்த விஷயத்தை அண்ணனிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். அவருக்கு மெசேஜ் வந்து தெரிவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது.