ஏசிஎல் அறுவைக்குப் பின் ஃபிளைவீல் பயிற்சி: எப்போது, எப்படி?

கேள்வி: ஏசிஎல் (முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் நார்) அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பின்தொடையிலிருந்து கிராஃப்ட் (அறுந்த நாருக்குப் பதிலாக வைக்கும் தசைநார்த் துண்டு) எடுத்து வைத்தார்கள். முன்தொடை இன்னும் மெலிந்தே இருக்கிறது. ஜிம்மில் ஃபிளைவீல் மெஷினில் ஸ்குவாட் செய்யலாமா?

பதில்: மாதக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முழங்காலில் வீக்கம் இல்லை, கால் முழுசாக நீள்கிறது, ஒற்றைக்காலில் நாற்காலியில் தடாலென விழாமல் உட்கார்ந்து எழ முடிகிறது என்றால், பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். மெனிஸ்கஸையும் (முழங்கால் மூட்டில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) தைத்திருந்தால், எவ்வளவு ஆழம் மடக்கலாம் என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

இந்த மெஷினில் எடைக்கட்டை கிடையாது; ஒரு சுழல் சக்கரமும் (ஃபிளைவீல்) அதில் சுற்றிய பட்டையும்தான். விண்வெளியில் எடையற்ற நிலையில் தசை கரையாமல் இருக்க, 1990களில் ஸ்வீடனில் உருவாக்கியது. எழும்போது பட்டையை இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறீர்கள். பட்டை முழுக்க அவிழ்ந்ததும் சக்கரம் நிற்காமல் சுழன்று, பட்டையைச் சுருட்டி உங்களைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பை அடக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. நீண்டுகொண்டே வேலை செய்யும் தசை, சுருங்கும்போது தாங்குவதைவிட அதிக பாரம் தாங்கும். ஓடி வந்து சட்டென நிற்கவும் குதித்து இறங்கவும் இந்த பலம்தான் வேண்டும்.

மெதுவாகத் தள்ளினால் இழுப்பும் குறைவு என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் சுழலவிட்ட சக்கரத்தைப் பாதியில் கீழே போட முடியாது. அடக்கியே ஆக வேண்டும். அதனால் முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் சிறிய சக்கரம், பாதி முயற்சி, கீழே இறங்கும் வழி முழுக்கச் சீரான பிடிப்பு. பழகிய பிறகு, இறங்கும் தூரத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் அழுத்திப் பிடியுங்கள். தசைக்குக் கூடுதல் பாரம் அப்போதுதான் கிடைக்கும்.

நான் அதிகம் கவனிப்பது வேறொன்றை. இரண்டு காலில் ஸ்குவாட் செய்யும்போது, அறுவை செய்த கால் நைசாக வேலையை நல்ல காலிடம் தள்ளிவிடும். உங்களுக்கே தெரியாது! முன்னால் கண்ணாடி வையுங்கள், இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா பாருங்கள். அப்புறம் பிசியோ முன்னிலையில் ஒற்றைக்காலுக்குப் போகலாம்.

உட்கார்ந்து காலை நீட்டும் ஃபிளைவீல் பயிற்சி இப்போது வேண்டாம். கால் நேராகும் கடைசிப் பகுதியில் கிராஃப்ட் மீது இழுவிசை கூடும். பின்தொடையை மடக்கும் பயிற்சியையும் கிராஃப்ட் எடுத்த இடம் தேறும்வரை தள்ளிப்போடுங்கள்.

வாரம் இரண்டு முறை போதும். வழக்கமான எடைப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். மறுநாள் தொடையில் வலித்தால் பரவாயில்லை. முழங்கால் வீங்கினால் அடுத்த அமர்வில் சக்கரத்தையும் எண்ணிக்கையையும் குறையுங்கள். அப்படியும் வீங்கினால் நிறுத்திவிட்டு பிசியோவிடம் காட்டுங்கள்.